வெள்ளத்தில் போன நாய் வேறு வீட்டில் குட்டி போட்டால்... யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ‘‘கொள்ளிடக் கரையோரம் எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் ஏறியபோது எல்லோரும் முகாமுக்குப் போனோம். வீட்டில் இருந்த ஐந்து வயது பெட்டை நாயைக் கூட்டிப்போக இடமில்லாததால் அவிழ்த்துவிட்டுப் போனோம். தண்ணீர் வடிந்து திரும்பியபோது நாயைக் காணவில்லை. பத்து மாதம் கழித்து, 4 கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் ஒரு வீட்டில் இருப்பதைப் பார்த்தோம். நான்கு குட்டிகளும் போட்டிருக்கிறது. கேட்டால், ‘காலில் புண்ணோடு வந்தது, வைத்தியம் பார்த்துச் சோறு போட்டது நாங்கள், தர முடியாது’ என்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாய்க்கால் பாசனம். பேச்சு முற்றி, இப்போது மடை திறப்பதிலும் தகராறு. போலீஸுக்குப் போகலாமா? குட்டிகள் யாருக்குச் சேரும்?’’

- வாசகர், சிதம்பரம் வட்டம்.

பதில்: சுருக்கமான பதில் இதுதான். வெள்ளத்தில் பிரிந்துபோனதால் மட்டும் நாயின் மீதான உரிமை போய்விடாது. ஆனால், அது தங்கள் நாய்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு, கேட்கிற குடும்பத்துக்குத்தான் இருக்கிறது. கண்டெடுத்து வளர்த்தவர் திருடர் அல்லர். அவர் செய்த செலவுக்கு மதிப்பு உண்டு. போலீஸ், கோர்ட் என்று போவதைவிட உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வதுதான் இரண்டு தரப்புக்கும் லாபம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டத்தின் கண்ணில் நாய்

வீட்டில் பிள்ளை மாதிரி வளர்த்தாலும், உரிமை என்று வரும்போது நம் நாட்டுச் சட்டம் வளர்ப்பு நாயை அசையும் சொத்தாகத்தான் பார்க்கிறது. ஆடு, மாடு, சைக்கிள் எல்லாம் எந்த வரிசையோ, நாயும் அந்த வரிசைதான். அதே சமயம் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், எந்த விலங்கையும் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் துன்பம் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எனவே, வழக்கு யார் பக்கம் முடிந்தாலும், முடிகிறவரை நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைத்தியமும் கொடுக்க வேண்டியவர் இப்போது வைத்திருப்பவர்தான்.

நாய் தொடர்பான தகராறு இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் என்ன என்று விளக்கும்போது ஒரு நாயையே உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் சட்டைப்பையில் நாய்க்குப் பிடித்த தீனியைப் போட்டுக்கொண்டு நடக்கிறார். இன்னொருவர் வளர்க்கும் நாய் அந்த வாசனைக்குப் பின்னால் போகிறது. நாயைக் கவர்ந்துகொள்ளும் எண்ணத்தோடு அவர் அப்படிச் செய்திருந்தால், நாய் அவர் பின்னால் நடக்கத் தொடங்கிய அந்த நொடியே திருட்டு நடந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவிலும் இதே உதாரணம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ‘எண்ணம்’ என்ற சொல். நாய் தானாக வந்து வாசலில் படுத்தால், அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சோறு போட்டவர் திருடவில்லை. அவரைத் ‘திருடன்’ என்று பேசுவதும் எழுதிக்கொடுப்பதும் தவறு. சிதம்பரம் வட்ட வாசகர் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை வந்திருந்தால், பேச்சுவார்த்தைக்கு முன்னால் அதைத் திரும்பப் பெறுவதே முதல் வேலை. பாதிச் சண்டை நாய்க்காக அல்ல, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நடக்கும்.

கண்டெடுத்தவரின் கடமையும் உரிமையும்

மற்றொருவரின் பொருளைக் கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அதன் 71-வது பிரிவின்படி, கண்டெடுத்தவர் அந்தப் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர் ஆகிறார். அதாவது, சொந்தக்காரர் அல்லர், பாதுகாப்பவர். சொந்தக்காரர் யார் என்று நியாயமான அளவு விசாரிக்க வேண்டும். பக்கத்து ஊர்களில் சொல்லிவைப்பது, கால்நடை மருத்துவரிடம் சொல்வது, ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவது எல்லாம் இதில் அடங்கும். சொந்தக்காரர் யார் என்று தெரிந்த பிறகும் கொடுக்க மறுத்து, தன் பொருளாக்கிக்கொண்டால் அது முறைகேடான கையாடல் என்ற குற்றமாகலாம் (நியாய சன்ஹிதா, 314-வது பிரிவு).

மறுபக்கம், கண்டெடுத்தவருக்கும் ஒரு பிடிப்பைச் சட்டம் கொடுத்திருக்கிறது. 168-வது பிரிவின்படி, தானாக விரும்பிச் செய்த செலவைக் கேட்டு அவர் வழக்குப் போட முடியாது. ஆனால், அந்தச் செலவு கைக்கு வரும்வரை பொருளைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ‘கண்டுபிடித்துக் கொடுத்தால் இவ்வளவு பரிசு’ என்று சொந்தக்காரர் அறிவித்திருந்தால், அந்தப் பரிசைக் கேட்டு வழக்கே போடலாம். ஆக, ‘வைத்தியம் பார்த்தோம், சோறு போட்டோம்’ என்று அந்த வீட்டார் சொல்வது வீம்பு அல்ல. அது சட்டமே ஒப்புக்கொள்ளும் ஒரு நியாயம்.

குட்டிகள் விஷயத்திலும் இதே சட்டத்தில் விடை இருக்கிறது. 163-வது பிரிவு, பார்த்துக்கொள்ளக் கொடுத்த பொருளிலிருந்து வரும் பெருக்கமும் பொருளின் சொந்தக்காரருக்கே சேரும் என்கிறது. அங்கே காட்டப்பட்டிருக்கும் உதாரணம் ஒரு மாடு. ஒருவர் மாட்டை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுகிறார். மாடு கன்று போடுகிறது. மாட்டோடு கன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு மாதிரி பேசி முடிவு செய்திருந்தால் அந்தப் பேச்சுப்படி. நாய்க்கும் குட்டிக்கும் இதே அடிப்படைதான் பொருந்தும்.

ஆனால், சட்டம் சொல்வது ஒன்று, ஊர் வழக்கம் ஏற்பது ஒன்று. நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பத்து மாதத்துக்கு முன் பிரிந்த நாயின் இளம் குட்டிகள் என்றால், சினை பிடித்தது முதல் ஈன்றது வரை எல்லாமே வளர்த்தவர் வீட்டில் நடந்திருக்கிறது. பிரசவம் பார்த்தவர் வெறும் கையோடு போக வேண்டும் என்றால் எந்தப் பஞ்சாயத்திலும் அது எடுபடாது.

நாய் யாரோடு போகிறது என்று பார்த்தால் போதுமா?

மரியாதை ராமன் கதையில் ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார்கள் உரிமை கொண்டாடியதும், அதை அவர் தீர்த்துவைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அது போல, ‘நடுவில் நிறுத்திக் கூப்பிடுவோம், யாரிடம் போகிறதோ அவருக்கு’ என்று ஊரில் சொல்வது வழக்கம். மாடுகளில் இது ஓரளவு எடுபடும். 2024 ஜூலையில் உத்தரப்பிரதேச மாநிலம் பிரதாப்கர் மாவட்டத்தில் ஓர் எருமைக்கு இரண்டு பேர் உரிமை கேட்டார்கள். பேசித் தீராததால், போலீஸார் எருமையைச் சாலையில் தனியாக அவிழ்த்துவிட்டார்கள். அது தன் பழைய கொட்டகையைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. பிரச்னை முடிந்தது.

நாய் விஷயம் வேறு. 2020-ல் மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் (இப்போது நர்மதாபுரம்) ஒரு கறுப்பு லாப்ரடார் நாய்க்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒருவர் அதை ‘கோகோ’ என்றார், மற்றவர் ‘டைகர்’ என்றார். நாய் இரண்டு பேரிடமும் ஒட்டிக்கொண்டதால் போலீஸார் திணறிப்போனார்கள். பழைய எஜமானரை நாய் மறப்பதில்லை என்பது உண்மை. ஆனால், தினமும் சோறு போடுகிறவரையும் அது விட்டுக்கொடுப்பதில்லை. அதிலும் பால் குடிக்கும் குட்டிகள் இருக்கும் தாய் நாய், யார் கூப்பிட்டாலும் குட்டிகள் இருக்கும் பக்கம்தான் ஓடும். எனவே, இந்த நேரத்தில் ‘கூப்பிட்டுப் பார்க்கும்’ சோதனை வைத்தால் அது தவறான முடிவையே தரும்.

டி.என்.ஏ. சோதனை எப்போது உதவும்?

ஹோஷங்காபாத் வழக்கு டி.என்.ஏ. சோதனை வரை போனது. உரிமை கேட்டவர்களில் ஒருவர், நாயைப் பச்மடியில் குட்டியாக வாங்கியதாகச் சொன்னார். அங்கே அதன் தந்தை நாய் உயிரோடு இருந்தது. இரண்டின் ரத்த மாதிரிகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது. நாய் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

இந்த முறையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த உயிருக்கும் மரபுப்பண்புகளில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. அதனால், டி.என்.ஏ. சோதனை ‘இது இன்ன நாயின் குட்டி’ என்று மட்டுமே சொல்லும். ‘இது இன்னாருடைய நாய்’ என்று சொல்லாது. தாயோ தந்தையோ கூடப்பிறந்ததோ எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டிலிருந்துதான் குட்டி வாங்கினோம் என்பதற்குச் சாட்சியும் இருக்க வேண்டும். கிராமத்தில் யாரோ கொடுத்த குட்டி, தாய் நாய் எப்போதோ இறந்துவிட்டது என்றால் இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிப்பதில் பயனில்லை.

பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பது, செலவில்லாத இன்னொரு வழி. 2024 டிசம்பரில் கர்நாடகத்தின் தாவணகெரே மாவட்டத்தில் கோயிலுக்கு விட்ட ஓர் எருமைக்கு இரண்டு கிராமங்கள் உரிமை கேட்டன. ஓர் ஊர் அதற்கு 8 வயது என்றது. மற்ற ஊர் 3 வயது என்றது. கால்நடை மருத்துவர்கள் பல்லைப் பார்த்து 6 வயதுக்கு மேல் என்றார்கள். அதன் பிறகு டி.என்.ஏ. மாதிரியும் எடுக்கப்பட்டது.

நாய்க்குக் குட்டியில் 28 பால்பற்கள் இருக்கும். 6, 7 மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதன் பிறகு தேய்மானம், மஞ்சள் படிவு ஆகியவற்றை வைத்து மருத்துவர் தோராயமாகத்தான் சொல்ல முடியும். என்றாலும், ‘ஐந்து வயது நாய்’ என்பவர் சொல்வதா, ‘ஒன்றரை வயது நாய்’ என்பவர் சொல்வதா என்று பிரித்துப் பார்க்க இது போதும்.

எதையெல்லாம் ஆதாரமாக வைக்கலாம்?

ஒரு பொருள் யார் கையில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சிதம்பரம் வட்ட வாசகர் குடும்பம் கீழ்க்கண்டவற்றைத் திரட்டலாம்.

1. பழைய படங்கள். செல்போனில் பொங்கலுக்கு எடுத்த படத்தில் ஓர் ஓரத்தில் நாய் படுத்திருந்தாலும் போதும். படம் எடுத்த தேதி போனிலேயே இருக்கும். அதை அழித்துவிடாமல், அந்த போனிலேயே வைத்திருக்க வேண்டும்.

2. தடுப்பூசி அட்டை. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, நாயின் நிறம், பெயர், உரிமையாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அட்டை வெள்ளத்தில் போயிருந்தால், ஊசி போட்ட கால்நடை மருந்தகத்தில் போய்ப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

3. உடல் அடையாளங்கள். வெள்ளைப் பாதம், நெஞ்சில் புள்ளி, காதில் கிழிசல், பழைய தழும்பு, வாலின் வளைவு, பின்காலில் கூடுதல் நகம் ஆகியவற்றை நாயைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதி, பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவர் நேரில் போய் ஒப்பிடட்டும். பார்த்துவிட்டு வந்து சொல்கிற அடையாளத்துக்கு மதிப்பில்லை.

4. சாட்சிகள். குட்டி கொடுத்தவர், பக்கத்து வீட்டார், பால் ஊற்றுபவர் ஆகியோர் சொல்லலாம்.

5. தேடியதற்கான தடயம். வெள்ளம் வடிந்ததும் தேடினார்களா, யாரிடம் விசாரித்தார்கள் என்பது முக்கியம். ‘வேண்டாம் என்று கைவிட்ட நாய்’ என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு இதுதான் பதில். உயிர் பிழைக்கட்டும் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டது கைவிட்டது ஆகாது. சொல்லப்போனால், கட்டிப்போட்டுவிட்டுப் போயிருந்தால்தான் குற்றம்.

வளர்த்தவர் பக்கமும் வைத்தியச் சீட்டு, மருந்து வாங்கிய ரசீது, தான் விசாரித்ததற்கான அடையாளம் ஆகியவற்றை எடுத்துவைப்பது நல்லது.

போலீஸ், கோர்ட் என்று போனால்?

காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. திருட்டே நடந்திருந்தாலும், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், புதிய சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸார் புலன்விசாரணை செய்ய முடியாது. நாட்டு நாய்க்குச் சந்தை மதிப்பு என்ன போட முடியும்? ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஸ்டேஷனில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிவில் வழக்கு என்றால், குறிப்பிட்ட அந்தப் பொருளையே திருப்பித் தரக் கேட்டு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் (முன்சீப் கோர்ட்) வழக்குப் போடலாம். இதற்கு மூன்று ஆண்டுகள் காலவரம்பு உண்டு. ஆனால், வழக்கு முடிவதற்குள் நாய்க்கு வயதாகிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இப்படி ஒரு நாய்க்காக அமெரிக்காவில் நடந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. மிசூரி மாநிலத்தில் 1869-ல் ‘ஓல்டு டிரம்’ என்ற வேட்டை நாய் சுட்டுக் கொல்லப்பட்டது. நாயை இழந்தவரும், சுடச் சொன்னதாகக் குற்றம்சாட்டப்பட்டவரும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அதோடு மைத்துனர் முறை உறவினர்கள். வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து அடுத்த கோர்ட்டுக்குப் போய், கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. கிடைத்த இழப்பீடு 50 டாலர். அந்த நாய்க்கு வாரன்ஸ்பர்க் ஊர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது.

கோர்ட்டுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி, சட்டப்பணிகள் ஆணைக்குழு. கடலூரில் மாவட்ட ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகின்றன. வழக்குப் போடாமலே, மனு கொடுத்து இரு தரப்பையும் அழைத்துப் பேசவைக்கக் கேட்கலாம். லோக் அதாலத்தில் எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு. மேல்முறையீடு கிடையாது. 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வீட்டுப் பெண்கள் பெயரில் மனு கொடுப்பது எளிது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

எப்படிப் பேசி முடிப்பது?

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒருவர் வேண்டும். ஒரே வாய்க்கால் என்பதால் பாசனச் சங்கப் பெரியவர், ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர் என்று யாரையாவது வைத்துக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாய் விஷயம் வேறு, தண்ணீர் விஷயம் வேறு. சம்பா நடவு நேரத்தில் மடையை மறித்தால் காய்வது இரண்டு பேர் நாற்றும்தான். முறைத் தண்ணீர் பழையபடி ஓடட்டும் என்று முதலில் கைகொடுத்துக்கொண்டு, பிறகு நாயைப் பற்றிப் பேச உட்கார வேண்டும்.

இரு தரப்புக்கும் ஒத்துவரக்கூடிய ஓர் ஏற்பாடு இப்படி இருக்கலாம்.

* அடையாளமும் ஆதாரமும் ஒத்துப்போனால், தாய் நாய் பழைய வீட்டுக்கு.

* வைத்தியத்துக்கும் தீனிக்கும் ஆன செலவை ஒரு தொகையாகப் பேசி, நாயை ஒப்படைக்கும் நாளிலேயே கையில் கொடுத்துவிடுவது.

* குட்டிகளில் வளர்த்தவர் விரும்பும் ஒன்றை அல்லது இரண்டை அவரே முதலில் எடுத்துக்கொள்வது. பெட்டைக் குட்டி வேண்டுமென்றால் அதுவே ஆகட்டும். தாயின் சாயல் அந்த வீட்டிலும் இருக்கும்.

* குட்டிகளுக்கு 8 வாரம் ஆகும்வரை தாயைப் பிரிக்கக் கூடாது. விற்பனைக்கான நாய் வளர்ப்பு விதிகளும் (2017) 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. அதுவரை தாயும் குட்டிகளும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கேட்ட குடும்பம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இந்தப் போக்குவரத்திலேயே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

* வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வந்து நாயைப் பார்க்கலாம்.

இவற்றைத் தேதி போட்டு, நாயின் அடையாளம் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் எதுவும் தெளிவாக இல்லை, வளர்த்த வீட்டிலேயே நாய் நிம்மதியாக இருக்கிறது என்று தெரிந்தால், எதிர்மாறாகவும் முடிக்கலாம். தாய் நாய் அங்கேயே இருக்கட்டும், இரண்டு குட்டிகள் இங்கே வரட்டும். ஐந்து வருடம் வளர்த்தவருக்கு அது வலிக்கும். ஆனால், வெள்ளத்தில் செத்துப்போயிருக்கும் என்று பத்து மாதம் நினைத்த நாய் உயிரோடு இருப்பது யாரால் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

ராத்திரியில் போய் நாயை அவிழ்த்துக்கொண்டு வருவது கூடாது. தன் நாயே என்றாலும், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு வரும். அதைவிட மோசமானது, ‘எனக்கில்லாதது உனக்கும் வேண்டாம்’ என்று விஷம் வைப்பது. விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. வயலுக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியைச் சோற்றில் கலந்து வைத்தால் சாவது அந்த நாய் மட்டுமல்ல, கோழி, காக்கை, பக்கத்து வீட்டுக் கன்று என்று எதுவும் சாகலாம்.

உரிமையோடு சேர்ந்து வரும் பொறுப்பு

நாய் நல்லதாக இருக்கும்போது இரண்டு பேர் உரிமை கேட்பார்கள். யாரையாவது கடித்துவிட்டால் இரண்டு பேருமே ‘என் நாய் இல்லை’ என்பார்கள். சட்டம் அதை ஏற்காது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு (291-வது பிரிவு).

எனவே, தகராறு முடியும்வரை காத்திருக்காமல், இந்த நாய்க்கு உடனே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பால் கொடுக்கும் நாய் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குட்டிகளுக்கு முதலில் குடற்புழு நீக்கமும், 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும் தேவை. பிறகு வருடம்தோறும் போட வேண்டும். இதற்கிடையில் நாயோ குட்டியோ யாரைக் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் தடவக் கூடாது.

அடுத்த வெள்ளத்துக்கு முன்...

2011-ல் தானே புயல், 2015-ல் பெருமழை, 2024-ல் ஃபெஞ்சல் என்று கடலூர் மாவட்டம் பார்த்துவிட்டது. திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற கொள்ளிடக் கரை ஊர்களுக்கு, மழையே இல்லாத ஆடி, ஆவணியிலும் மேட்டூரிலிருந்து வரும் உபரிநீரால் வெள்ளம் வருகிறது. வெள்ளம் வரும் ஊரில் கால்நடை மாறிப்போகும் தகராறும் வரத்தான் செய்யும். அமெரிக்காவில் 2005-ல் கத்ரினா சூறாவளியின்போது ஆயிரக்கணக்கான நாய்களும் பூனைகளும் பிரிந்துபோய், வேறு குடும்பங்களில் சேர்ந்தன. அவற்றைத் திரும்பக் கேட்டு வழக்குகள் நடந்தன. அதன் பிறகுதான் 2006-ல், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

நம் வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஐப்பசி பிறப்பதற்குள் நாயின் கழுத்துப்பட்டையில் செல்போன் எண்ணை அழியாத மையில் எழுதிவிட வேண்டும். முகம், இரண்டு பக்கவாட்டு, அடையாளக் குறி என நான்கு படங்கள் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைக்க வேண்டும். ஆடு, மாடுகளுக்குக் காதில் 12 இலக்க வில்லை போட்டுக்கொண்டால், எந்த ஊரில் இருந்தாலும் உரிமையாளர் யார் என்று தெரியும். தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் பையிலேயே வைப்பது நல்லது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது எந்த விலங்கையும் கட்டிப்போட்டுவிட்டுப் போகக் கூடாது. காயம்பட்ட கால்நடைக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

இதையொட்டிய சிறு கேள்விகள்

‘‘நாய்க்கும் மாட்டைப் போல காது வில்லை உண்டா?’’

நாய்க்கு வில்லை இல்லை, மைக்ரோசிப் உண்டு. அரிசி அளவே இருக்கும். ஊசி மூலம் தோள்பட்டைக்கு நடுவில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். கருவியை அருகில் காட்டினால் எண் தெரியும். அந்த எண்ணை உரிமையாளர் பெயரோடு பதிந்து வைத்தால்தான் பயன். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற விலை கொடுத்து வாங்கும் நாய்களை வளர்ப்பவர்கள் கிராமத்தில் இருந்தாலும் போட்டுக்கொள்வது நல்லது.

‘‘தெரு நாய்க்கு மூன்று வருடமாகச் சோறு போடுகிறோம். எங்களுக்குச் சொந்தமா?’’

சோறு போட்டதால் மட்டும் சொந்தம் ஆகாது. சொந்தமாக்கிக்கொள்ள விரும்பினால், கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, வீட்டுக்குள் வைத்து வளர்த்து, ஊராட்சியிலோ நகராட்சியிலோ சொல்லிப் பதிவுசெய்துகொள்ளலாம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய்கள் பற்றிக் கொடுத்த உத்தரவில், தத்தெடுத்தவர் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

‘‘அறுவடைக்குப் பிறகு கிடை போட வந்த ஆட்டுக்காரருடைய நாய், அவர்கள் போன பிறகும் எங்கள் களத்திலேயே நின்றுவிட்டது. வைத்துக்கொள்ளலாமா?’’

கிடை போட்டவரின் போன் எண் எப்படியும் யாரிடமாவது இருக்கும். முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கிடை நாய் ஆட்டுக்காரருக்குக் காவலாள் மாதிரி. அவர் ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளலாம். அடுத்த தை, மாசியில் அவர் திரும்ப வரும்போது மனக்கசப்பு இருக்காது.

‘‘ஆட்டை வாரத்துக்கு விட்டிருக்கிறோம். குட்டிகள் யாருக்கு?’’

பேசிக்கொண்டபடிதான். பேச்சு எதுவும் இல்லையென்றால், மேலே சொன்ன மாடு, கன்று உதாரணம்தான் சட்டம். ஊரில் பாதிக்குப் பாதி வழக்கம் இருந்தாலும், முதல் ஈற்றா, இரண்டாம் ஈற்றா, இறந்தால் யார் பொறுப்பு, விற்றால் யார் விலை பேசுவது என்பதை ஆட்டை ஓட்டிவிடும் அன்றே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். உறவுக்காரர்தானே என்று எழுதாமல் விட்டவைதான் பின்னால் பஞ்சாயத்துக்கு வருகின்றன.